இணைச்சீரும் சுரங்க ஊரும்

அன்பு மகள் கனிஷ்காவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உன் அண்ணன் மிதுனும் நலம். உன்னை நலமா என்று கேட்க வேண்டியதே இல்லை, வேல்ஸில் அந்த ஊர் உன்னை உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிறது, என் வயிற்றெரிச்சலே அதுதான். போனில் பேசினால் குரல் ஏறிவிடுகிறது என்று அம்மா திட்டுகிறாள், அதனால் எழுதுகிறேன்.

டாக்டர் வேலைக்குப் போன புதிதில் மழை, குளிர் என்று அழுதவள், இப்போது வாயைத் திறந்தால் எங்க ஊரு, எங்க ஊரு என்கிறாய். என்றோ மூடிப்போன நிலக்கரிச் சுரங்கத்தின் இரும்புச் சக்கரத்துக்கு இன்னும் பெயின்ட் அடிக்கிறார்களாம், தொழிலாளிகள் கூலியில் மிச்சம் பிடித்துக் கட்டிய மன்றத்தில் இன்னும் கூடிப் பாடுகிறார்களாம். நம் வீட்டில் குளிக்கும்போதுகூட ஒரு பாட்டு முணுமுணுக்காத பெண், அங்கே அந்தக் கோஷ்டியில் பாடுகிறாய். பழைய சுரங்கத் தொழிலாளி டேவிட் என்று ஒருவரைப் போனில் காட்டினாயே, அவர் என்னிடம் நம்ம பொண்ணைப் பற்றிக் கவலைப்படாதீர்கள் என்கிறார். யாருக்கு நம்ம பொண்ணு? அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மிதுன் கல்யாணத்துக்கு முகூர்த்தம் குறித்த பிறகுதான் தெரிந்தது, விபத்தில் செத்த சுரங்கத் தொழிலாளிகளின் பெயர்களைப் படித்து அவர்கள் பாடும் நாளும் அதுவே என்று. நான் தனியாகப் பாடும் இடம் இருக்கிறது, விட முடியாது என்றாய். கூறைச்சேலையின் ஒரு நுனியை அண்ணன் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள மறு நுனியைத் தங்கை பிடிக்கிற இணைச்சீரை மட்டும் விடலாமா? வீம்புக்கு உன் இடத்தில் என் தம்பி மகள் லோகப்பிரியாவை நிற்கச் சொன்னேன், ஆர்.எஸ்.புரத்தில் அவளுக்குப் பட்டும் எடுத்தாயிற்று. மிதுன் ஒரே போடாக, கனி வராட்டி எனக்கு அந்தச் சீரே வேண்டாங்கப்பா என்றுவிட்டான்.

அந்தக் கோபத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு நான் வேலை பார்த்த மில் பக்கம் போனேன். அடுக்குமாடி நிற்கிறது. சங்கு எங்கே இருந்தது என்று அடையாளம் தெரியாமல் வாட்ச்மேனைக் கேட்டால், இங்க மில்லு இருந்துச்சுங்களா என்கிறான். ஷிப்டுக்கு ஊரையே எழுப்பிய சங்கு பழைய இரும்புக் கடைக்குப் போனபோது யாரும் ஏனென்று கேட்கவில்லை. உன் ஊர்க்காரர்கள் மேல் எனக்கு எவ்வளவு பொறாமை என்று அங்கே நின்றபோதுதான் தெரிந்தது. செத்தவன் பெயரையே விடாத ஊர் உன்னை விடுமா என்று பயமும் வந்தது.

கல்யாணத்தை ஆவணிக் கடைசி முகூர்த்தத்துக்கு மாற்றிவிட்டேன். மணப்பெண்ணின் அப்பா பொள்ளாச்சியிலிருந்து கூப்பிட்டு, ஏனுங்க சம்பந்தி, எங்கயோ சீமையில பாடறதுக்கு இங்க கல்யாணத்தைத் தள்ளி வெக்கறீங்களா என்று கேட்டார். ஆமாங்க, என்ற புள்ள பாடறா என்று சொன்னேன். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, அதை அம்மாவிடம் சொல்லவில்லை. லோகப்பிரியா பட்டைத் திருப்பித் தரமாட்டாளாம், வைத்துக்கொள்ளட்டும்.

நன்றாகப் பாடு, அம்மணி. குலசாமி உன்னை நோயில்லாமல் வைத்திருக்கட்டும். ஜாக்கெட் அளவை அம்மாவுக்கு மறக்காமல் அனுப்பு. டேவிட்டிடம் என் வணக்கத்தைச் சொல். பெண்ணைப் பாடத்தான் விட்டிருக்கிறோம், கொடுத்துவிடவில்லை என்றும் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா
தம்பிதுரை