கூரையில் ஒரே ஒரு தட்டல்

அன்புள்ள வாயாடிக்கு,

மாடி வீட்டுச் சித்தி எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என் முழங்காலும் தையல் மெஷினும் வழக்கம்போலச் சத்தம் போட்டுக்கொண்டிருக்கின்றன, வேறு புது நோய் ஒன்றும் இல்லை. இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். போனில் நீ அழுதால் நானும் அழுகிறேன், சொல்ல வந்ததைச் சொல்லாமலே போனை வைத்துவிடுகிறேன். மூன்று தடவை அப்படி ஆகிவிட்டது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள். முப்பது வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவள் உன் அம்மா. நூலும் பட்டனும் வாங்க நான் எழுதும் துண்டுச் சீட்டைக்கூடச் சிவப்புப் பேனாவால் சுழித்துத்தான் தருவாள். இப்போது சுழிக்க ஆளில்லை.

நீ சொன்னபடி பெயின்டர் திங்கட்கிழமை வந்து கீழ் வீட்டுச் சாவி கேட்டார். தொலைந்துவிட்டது என்று புளுகினேன். சாவி என் இடுப்பிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு, "பரவால்லம்மா, தேடி வைங்க, அடுத்த வாரம் வர்றேன்" என்று போய்விட்டார். நல்ல மனுஷர். வீட்டைச் சும்மா பூட்டிப் போடாமல் வாடகைக்கு விட வேண்டும் என்று நீ நினைப்பது நியாயம்தான். ஆனால் அந்தப் படுக்கையறைக் கூரைக்கு வெள்ளையடிப்பதற்குமுன் நீ ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நீ வெளியூருக்குப் படிக்கப் போன வருஷம் ஆரம்பித்தது அது. காலையில் கண் விழித்ததும் உன் அம்மா கட்டிலில் உட்கார்ந்தபடியே ஒட்டடைக் கம்பால் கூரையை இரண்டு தட்டு தட்டுவாள். எழுந்துவிட்டேன், உயிரோடுதான் இருக்கிறேன் என்று அர்த்தம். நான் மேலே குதிகாலால் இரண்டு மிதி மிதிப்பேன். ஒரு தட்டு மட்டும் விழுந்தால், உன்மேல் கோபம், கீழே வராதே என்று அர்த்தம். அதற்கு நான் பதில் மிதிக்கக் கூடாது, போய்ச் சமாதானம் பேசவும் கூடாது. கோபம் தணிந்ததும் அவளே இரண்டு தட்டுவாள். பெரும்பாலும் பத்து மணியைத் தாண்டாது, அதற்குமேல் அவளால் பேசாமல் இருக்க முடியாது. இந்த வயதில் இது என்ன கூத்து என்பாய். கூத்துதான். எங்களுக்கு அப்படித்தான் பொழுது விடிந்தது.

அவள் போவதற்கு முந்தின நாள் எங்களுக்குச் சண்டை. அந்த வாரத்தில் அவளுக்கு இரண்டு முறை தலை சுற்றியது. ஒருமுறை மாடிப்படியிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். உனக்கு போன் போடப் போகிறேன் என்றேன். "அவ இப்பத்தான் புது வேலையில சேர்ந்திருக்கா, லீவு கிடைக்காம தவிச்சுப் போயிடுவா. சொன்னே, அப்புறம் உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்" என்று கத்தினாள். "முழிக்காட்டி போ, எனக்கென்ன போச்சு" என்று சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டேன். நான் அவளிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கூரையில் ஒரு தட்டு விழுந்தது. ஒன்றே ஒன்று.

ஓகோ, இன்னும் இறங்கவில்லையா, இருக்கட்டும் என்று நான் மெஷினில் உட்கார்ந்தேன். பள்ளிக்கூட யூனிஃபார்ம் நான்கு உருப்படி முடித்தேன். காது மட்டும் தரையிலேயே இருந்தது. எட்டாயிற்று, ஒன்பதாயிற்று, பத்தும் தாண்டிற்று. இந்தத் தடவை வீம்பு ஜாஸ்திதான் என்று எனக்குள் கறுவிக்கொண்டேன். பதினொன்றரைக்கு நூல் தீர்ந்து கடைக்கு இறங்கினால், அவள் வாசலில் செய்தித்தாள் போட்டது போட்டபடி கிடக்கிறது. ஏழு மணிக்குள் அதில் நாலு பிழையாவது பிடிக்காமல் அவளுக்கு டீ இறங்காதே! என்னிடம் இருந்த மறுசாவியால் கதவைத் திறந்தேன்.

கட்டிலில் குறுக்கே சாய்ந்து கிடந்தாள். ஒரு கால் தரையில் இருந்தது, கம்பு கையில் இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கம்பை எடுத்து மூலையில் சாத்தினேன். அவளை நேராகப் படுக்கவைத்துப் போர்வையை இழுத்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டேன். உள்ளங்கையில் இன்னும் கொஞ்சம் சூடு இருந்ததோ என்று எனக்குச் சந்தேகம். டாக்டர், "காலையில ஏதாவது சத்தம் கேட்டுச்சா?" என்று கேட்டார். இல்லை என்றேன். நீ வந்து, "தூக்கத்துலயே போயிட்டாங்களா சித்தி?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். நீ என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "நீங்க மேல இருந்தீங்களே, அதுவே போதும்" என்றாய். அந்தக் கையை வைத்துக்கொண்டுதான் இன்னும் துணி வெட்டுகிறேன்.

அவள் என்னைத்தான் கூப்பிட்டாளா? இரண்டாவது தட்டுக்குக் கை எழும்பவில்லையா? இல்லை, நிஜமாகவே கோபம்தானா? கோபமாகவே இருந்திருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். என்னைத் திட்டிக்கொண்டே போயிருந்தால் அது எனக்கு ஆறுதல். எவ்வளவு கேவலம் பார்.

இப்போதும் தினமும் ஆறு மணிக்கு ஒரு தட்டு கேட்கிறது. தண்ணீர்க் குழாய்ச் சத்தமாக இருக்கும் என்கிறார் பிளம்பர். குழாய் போவது சமையலறைப் பக்கம். தரையில் கனமாக விரிப்பு போட்டுப் பார்த்தேன், மெஷினை அடுத்த அறைக்கு நகர்த்தியும் பார்த்தேன். குதிகாலில் வந்து இடிக்கிறது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தால் கம்பு மூலையில் சாத்தியபடி இருக்கிறது. கூரையில் கட்டிலுக்கு நேர்மேலே இத்தனை வருஷம் தட்டியதில் ஒரு கை அகலத்துக்குக் கறுத்திருக்கிறது. அதிலிருந்து ஒரு முழம் தள்ளி, சுவர் ஓரமாக, சுண்ணாம்பைக் கீறிக்கொண்டு ஒரு தடம் தனியாக இருக்கிறது. அன்றைக்கு விழுந்த அந்த ஒரு தட்டு அதுதான். அதன்மேல் வெள்ளையடித்துவிட்டால் எனக்கு நல்லது, யாருக்கும் ஒன்றும் தெரியாது. அதனால்தான் சாவியைக் கொடுக்கவில்லை.

நீ ஒருமுறை வந்து அந்தத் தடத்தைப் பார். அதன்பிறகு வெள்ளையடிப்பதும் அடிக்காததும், என்னோடு பேசுவதும் பேசாததும் உன் இஷ்டம். உனக்கு அங்கே தலை சுற்றினால் மட்டும் மாப்பிள்ளையிடம் மறைக்காதே. நீ குறையில்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

வந்தால் உன் அம்மா கட்டிலிலேயே படு. காலையில் எழுந்ததும் அந்தக் கம்பை எடு. இரண்டு தட்டினால் நான் மிதிக்கிறேன். மனசு ஆறவில்லை என்றால் ஒன்று தட்டு. இனிமேல் ஒரு தட்டு கேட்டு நான் மேலே உட்கார்ந்திருக்க மாட்டேன், கண்ணு. இறங்கி ஓடி வந்துவிடுவேன்.

இப்படிக்கு,
காதைத் தரையில் வைத்தபடி இருக்கும்
உன் மாடி வீட்டுச் சித்தி