வாத்துக் கொழுப்பில் ஊறிய தோல்

நவம்பர் 8, 1926, திங்கள்

காலையில் உறைபனி. மதியத்துக்குள் கரைந்துவிட்டது.

எழுதுவது பாவ்லினா. என் மனைவி மார்கிதா இருந்தவரை நான் சொல்வதை அவள் எழுதினாள். இப்போது அவள் தங்கை எழுதுகிறாள். எனக்கு எழுத்து தெரியாது. கையெழுத்து கேட்டால் சிலுவைக்குறி போடுவேன். ஆனால் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்த வருடம் எந்தக் கம்பியை எந்த நிறம் வரும்வரை சூடாக்கினேன் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன்.

வியாழக்கிழமை சோதனை. எங்கள் பிரேக் தொழிற்சாலையில் அடுத்த பட்டறைக்காரன் கார்மடியின் வளையமா என் வளையமா என்று அன்றைக்குத் தெரிந்துவிடும். ரயில் வண்டியின் பிரேக் உருளைக்குள் பிஸ்டன் இருக்கிறது. அதன் முகத்தில் ஒரு தோல் கிண்ணம். கிண்ணத்தின் விளிம்பை உருளையின் சுவரோடு ஒட்டவைப்பது உள்ளே உட்கார்ந்திருக்கும் கம்பி வளையம். வளையம் தளர்ந்தால் காற்று கசியும், பிஸ்டன் பின்வாங்கும், சக்கரத்தைப் பிடித்த கட்டை விட்டுவிடும். வளையம் முரடானால் தோலையே தின்றுவிடும். கார்மடியுடையது பட்டைக் கம்பி, முரடு. என்னுடையது உருண்டைக் கம்பி. முனைகள் இரண்டும் ஒன்றையொன்று தாண்டிப்போய்ப் படுத்திருக்கும். மெதுவாகத் தள்ளும்.

"இதெல்லாம் எழுதணுமா அத்தான்? அடுப்புல முட்டைக்கோஸ் கிடக்கு" என்கிறாள் பாவ்லினா. எழுது என்றேன். கம்பியும் தோலும் அவளுக்குப் புரியாது, சொன்னதை அப்படியே எழுதுவாள்.

நவம்பர் 10, புதன்

இன்று காலை சோதனை அறையில் அடுப்பு மூட்டும் முன்பே போய் என் வளையத்தைப் போட்டுப் பார்த்தேன். கசிந்தது. தோல் குளிரில் விறைத்திருந்தது. என் வளையத்துக்கு அதைத் தள்ளும் பலமில்லை. மெதுவாகத் தள்ள வேண்டும் என்று கம்பியை ரொம்பவே சன்னமாக எடுத்துவிட்டேன். வேறு வளையம் வளைத்துப் பதம் ஏற்ற நேரமில்லை.

தோலைக் கோட்டுக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நாளைய மார்ட்டின் திருநாளுக்குப் பாவ்லினா வாத்து வறுத்திருந்தாள். சட்டியில் நின்ற கொழுப்பில் தோலைப் போட்டுப் பிசைந்தேன். காது மடல் போல ஆகிவிட்டது.

பாவ்லினா போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். "வருஷத்துக்கு ஒரு வாத்து! அதோட கொழுப்புல செருப்பை ஊறப்போடுறீங்களே, அத்தான், உங்களுக்கு மூளை கழண்டுபோச்சா?" செருப்பில்லை என்றேன். "சாப்பிடப்போறதும் இல்லையே!"

நவம்பர் 11, வியாழன்

ஜெயித்தேன். காற்றழுத்தம் காட்டும் முள் அசையவில்லை. கார்மடியுடையதிலும் கசிவு கொஞ்சம்தான். ஆனால் தோலில் கோடு விழுந்திருந்தது. இன்ஜினியர் ஸ்டாக்டன் எல்லார் முன்னாலும் என் கையைக் குலுக்கினார்.

கார்மடி என் தோலைத் தடவிப் பார்த்தான். "என்ன கிழவா, பொண்ணு கன்னம் மாதிரி இருக்கு? என்னோடது எருமை முதுகாட்டம் இருக்கு. ரெண்டு தோலும் ஒரே பீப்பாய்ல எடுத்ததுதானே?" நான் சிரித்து வைத்தேன்.

வாத்துக்கறி இறங்கவில்லை. ஜெயிச்சவர் முகமா இது என்கிறாள் பாவ்லினா. நான் சொல்வதை மட்டும் எழுது.

நவம்பர் 12, வெள்ளி

வேலைக்குப் போனேன். சொல்ல ஒன்றுமில்லை.

நவம்பர் 29, திங்கள்

ஒரு முழு நிலக்கரி ரயிலுக்கும் என் வளையத்தைப் போட்டு இந்தக் குளிர்காலம் மலையில் ஓட்டிப் பார்க்கப் போகிறார்கள். கம்பியைக் கொஞ்சம் தடிமனாக எடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அப்படி நினைத்ததால்தான் இத்தனை நாள் தூக்கம் வந்தது. இன்று மெதுவாகக் கேட்டேன். ஸ்டாக்டன் சிரித்தார். "ஜெயிச்ச வளையத்தை எதுக்குய்யா மாத்தணும்? மயிரிழை மாறினாலும் சோதனையை முதல்லேர்ந்து நடத்தணும். வரைபடம் மேலிடத்துக்குப் போயாச்சு."

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் திறந்துதான் இருந்தது.

அந்த ரயிலின் பிரேக்மேன்களில் பாவ்லினாவின் மகன் யுராயும் ஒருவன். அவனுக்குப் பெருமை. "இனிமே மலையிறங்குறப்போ பெரியப்பா மடியில உக்காந்து போற மாதிரி" என்றான். பாவ்லினா இதைச் சிரித்துக்கொண்டே எழுதுகிறாள்.

டிசம்பர் 24, வெள்ளி

கிறிஸ்துமஸ் திருவிழிப்பு விருந்து. வீட்டில் மூத்த ஆண் நான்தான். தேனில் பெருவிரலைத் தொட்டு ஒவ்வொருவர் நெற்றியிலும் சிலுவை போட்டேன். பாவ்லினாவுக்குப் போட்டேன். யுராயின் நெற்றியில் வைத்தபோது சிலுவை கோணித் தேன் புருவத்தில் வழிந்துவிட்டது. "பெரியப்பா, கண்ணு தெரியலையா, இல்ல பாட்டில் காலியா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் ஒரு துளிகூடக் குடிக்கவில்லை.

டிசம்பர் 26, ஞாயிறு

இதையும் எழுது பாவ்லினா. நிறுத்தாமல் எழுது.

சோதனையில் ஜெயித்தது என் வளையம் இல்லை. உன் வாத்துக் கொழுப்பு. பீப்பாயிலிருந்து வரும் தோலுக்கு யாரும் கொழுப்புப் போட்டுப் பிசைய மாட்டார்கள். இன்னும் கடுங்குளிர் வரவில்லை, அதனால் ரயில் ஓடுகிறது. வந்தால் அத்தனை தோலும் விறைக்கும். என் வளையம் தள்ளாது. பிரேக் பிடித்த இடத்தில் நிற்காது. எனக்கு இது அன்றைக்கே தெரியும்.

எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தாள். மறுபடி எடுத்தாள். "அந்த வண்டியிலதானே என் பிள்ளை இருக்கான்?"

ஆமாம்.

"காலையில முதல் வேலையா அந்த இன்ஜினியர்கிட்டப் போய்ச் சொல்லுங்க அத்தான். வேலை போனா போகட்டும். சோறு நான் போடுறேன்."

டிசம்பர் 27, திங்கள்

ஸ்டாக்டனிடம் சொல்லிவிட்டேன். வண்டிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பதாகச் சொன்னார்.

ஜனவரி 9, 1927, ஞாயிறு

எழுதுவது யுராய். வலது கை நன்றாக இருக்கிறது என்று அவனே உட்கார்ந்தான். இடது கையில் மணிக்கட்டு வரை கட்டு.

போன வியாழக்கிழமை கடுங்குளிர். மலையின் பாதியில் பிரேக் ஒவ்வொரு வண்டியாக விட்டுக்கொடுக்க ஆரம்பித்திருக்கிறது. பிரேக்மேன்கள் வண்டிக்கு வண்டி தாவி, கைச்சக்கரத்தைத் திருகித் திருகி ரயிலைப் பிடித்திருக்கிறார்கள். யுராயின் இடது கையைக் கைச்சக்கரத்தின் சங்கிலி இழுத்துக்கொண்டது. கடைசி இரண்டு விரலும் நசுங்கிவிட்டன. டாக்டர் எடுத்துவிட்டார்.

யுராய், அந்தப் பக்கத்தைத் திருப்பு. டிசம்பர் இருபத்தேழு. அதில் இருப்பது பொய். நான் ஸ்டாக்டனின் அறை வரை போனேன். உள்ளே ரயில்வேக்காரர்கள் நாலைந்து பேர். "இவர்தான் நம்ம ஓந்த்ரெய்! எழுதப் படிக்கத் தெரியாது, ஆனா இவர் வளையத்தைப் பாருங்க" என்று ஸ்டாக்டன் என் தோளில் கைபோட்டு என் சட்டைப் பையில் சுருட்டைச் செருகினார். நான் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். வீட்டில் உன் அம்மா வாசலிலேயே நின்று, சொன்னீங்களா என்று கேட்டாள். சொன்னேன் என்றேன். அவள் நம்பி, சந்தோஷமாக எழுதினாள். அன்றைக்கு எனக்கு முட்டை பொரித்துக் கொடுத்தாள். அதையும் தின்றேன்.

என்ன மனுஷன் நான்?

யுராய் மையை ஒற்றினான். பிறகு சொன்னான்: "எழுதிட்டேன் பெரியப்பா. ஆனா அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன். அது உங்க வேலை."

ஜனவரி 10, திங்கள்

பாவ்லினாவிடம் சொன்னேன். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கத்துவாள், கத்தியைக்கூட வீசுவாள் என்று நினைத்தேன். அவள் எல்லாவற்றையும் உரித்து முடித்து, என் தட்டை எப்போதும் வைக்கும் இடத்தில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

அதற்கு முன்பே காலையில் ஸ்டாக்டனிடமும் சொல்லியிருந்தேன். இந்த முறை நிஜமாக. கதவைச் சாத்தினார். "குளிர்ல எல்லாத் தோலும்தான் விறைக்கும். உன் கொழுப்புக் கதையை வெளியில சொல்லாதே. குளிர்காலம் முடியட்டும், அப்புறம் பார்ப்போம்."

"அதுக்குள்ள ரயில் திரும்பவும் இறங்குமே?"

"புதன்கிழமை இறங்குது. மெதுவா ஓட்டச் சொல்லியாச்சு."

யுராயின் இடத்தில் புதன்கிழமை ஏறப்போவது கார்மடியின் மருமகன் என்கிறான் யுராய்.

ஜனவரி 12, புதன்

யுராய் எழுதுகிறான். இன்றைக்கு நிறைய இருக்கிறது.

விடிந்ததும் கார்மடி வீட்டுக் கதவைத் தட்டினேன். முழுதும் சொன்னேன். பாதி சவரம் செய்த முகத்தோடு கேட்டுக்கொண்டு நின்றான். "வாத்துக் கொழுப்பா? கொழுப்பு உனக்குத்தான்டா கிழவா, உடம்பு பூரா!" என்று என் கழுத்துப்பட்டையைப் பிடித்துவிட்டான். அடித்திருக்கலாம். அடித்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

உன் மருமகனைப் போகவிடாதே என்றேன்.

"அவன் போகலைன்னா வேற ஒருத்தன் போவான். அவனுக்கு மாமனார் இருக்க மாட்டானா? ரயிலை நிறுத்தணும்டா, ஆளை இல்ல."

பிறகு அவன்தான் சொன்னான். ஓடத் தகுதியில்லாத வண்டியின் பக்கத்தில் இரண்டு ஆங்கில எழுத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் போடுவார்கள். பரிசோதகர் வந்து பார்த்து அழிக்கும்வரை ரயில்வே முதலாளியே வந்தாலும் அந்த வண்டியை நகர்த்த முடியாது. அதைப் போடும் உரிமை எனக்கில்லை. "போட்டது யாருன்னு கேட்டா மறைக்காதே. மத்தபடி, சுண்ணாம்புக் கட்டிக்கு ஆளைத் தெரியாது" என்றான்.

மேசையில் சோப்பு நுரையைத் தடவி விரலால் எழுதிக் காட்டினான். முதல் எழுத்துக்கு நேரான முதுகு, முன்னால் இரண்டு வயிறு. இரண்டாவது வெறும் வட்டம். முதல் எழுத்து எனக்கு வரவே இல்லை. வயிறு முதுகுப் பக்கம் போனது. திட்டித் திட்டிக் கற்றுக்கொடுத்தான். "வட்டமாவது ஒழுங்கா போடு. வாழ்க்கை பூரா அதைத்தானே வளைச்சே!"

யார்டில் ரயில் தயாராக நின்றது. கடைசி வண்டியிலிருந்து ஆரம்பித்தேன். கை விறைத்தது. சில வண்டியில் வயிறு சரிந்துவிட்டது, ஆனால் அடையாளம் தெரிந்தது. என் வளையம் இருக்கும் ஒரு வண்டியையும் விடவில்லை. எஞ்சின் வரை வந்தபோது பரிசோதகர் ஓடிவந்தார்.

"எவன்யா இது? ரயில் முழுக்கக் கிறுக்கி வெச்சிருக்கான்?"

நான்தான் என்றேன்.

"நீ யாரு?"

வளையம் செய்தவன் என்றேன்.

அவர் முதலில் திட்டினார். ஆனால் எழுத்து எழுத்துதான். பார்க்காமல் அழிக்க முடியாது. காற்றை விட்டுப் பிரேக்கைப் பிடிக்கச் சொன்னார். எல்லாப் பிஸ்டனும் வெளியே வந்தன. நின்று பார்த்தோம். முதலில் ஒன்றுமில்லை. பிறகு நடுவில் ஒரு வண்டியின் பிஸ்டன் தண்டு மெல்ல உள்ளே போக ஆரம்பித்தது. அடுத்தது. அதற்கடுத்தது. சத்தமே இல்லை. பூனை பின்வாங்குவது போல. நான் வளைத்த ஒவ்வொன்றும் என் கண் முன்னால் விட்டுக்கொடுத்தது.

பரிசோதகர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "மலை மேலயா இதை அனுப்பினோம்?" என்றார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை.

ரயில் போகவில்லை.

ஜனவரி 13, வியாழன்

சோதனை அறைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

ஜனவரி 30, ஞாயிறு

யுராய் நாளையிலிருந்து ரயில்வே விளக்குகளைத் துடைக்கும் அறையில் வேலைக்குப் போகிறான். உட்கார்ந்து செய்யும் வேலை. அவனுக்குப் பிடிக்கவில்லை, ஆனால் சொல்ல மாட்டேன் என்கிறான். இடது கையால் கிண்ணத்தைப் பிடிக்கும்போது இல்லாத விரலும் சேர்ந்து மடங்குகிறதாம், வேடிக்கையாகச் சொன்னான். நான் எழுந்து வெளியே போய் விறகு பிளந்தேன்.

பாவ்லினா என்னிடம் பேசுவதில்லை. சாப்பாடு வருகிறது, துணி துவைத்து வருகிறது. அத்தான் என்ற வார்த்தை மட்டும் வருவதில்லை. உப்பு வேண்டுமென்றால் யுராயிடம் சொல்லி என்னிடமிருந்து வாங்குகிறாள்.

பிப்ரவரி 27, ஞாயிறு

யுராய்க்கு இன்று வேலை. நாட்குறிப்பை எடுத்துவைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். பாவ்லினா கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்து பேனாவை எடுத்தாள். நான் சுருக்கமாகச் சொல்கிறேன்.

கார்மடியின் வளையத்தையே எடுத்துக்கொண்டார்கள். பட்டையின் விளிம்பை மழுக்கினால் தோலை அறுக்காது என்று ஆகிவிட்டது. அந்த விளிம்பை அரத்தால் மழுக்கும் ஆள் நான். கார்மடிதான் கேட்டு வாங்கி என்னை அவன் பட்டறையில் வைத்திருக்கிறான். "ஒழுங்கா ராவுடா, பக்கத்துல வாத்து எதுவும் வரக்கூடாது" என்று தினமும் சொல்கிறான். ரயில் மலையிறங்குகிறது. கசிவில்லை.

யுராயின் கைக்கு நான் என்ன செய்ய முடியும்? தெரியவில்லை. அவ்வளவுதான். போதும், மூடிவிடு.

அவர் எழுந்து படுக்கப் போய்விட்டார். இனி இருப்பது அவர் சொன்னது இல்லை. டிசம்பர் இருபத்தேழாம் தேதி வரியை நான்தான் என் கையால் எழுதினேன். அதை அடிக்கலாம் என்று எடுத்தேன், அடிக்கவில்லை, இருக்கட்டும். என் பிள்ளையின் விரலுக்காக எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அது போகாது. ஆனால் இனிமேல் நானே எழுதுகிறேன். யுராய் எழுதும்போது காகிதத்தைப் பிடிக்க இடது கை சரியாக வரவில்லை, வரி கோணுகிறது, அதைப் பார்த்துக்கொண்டே அத்தானால் பேச முடியவில்லை.

இதை அவருக்கு வாசித்துக் காட்ட மாட்டேன்.