புளியறை இறக்கத்தில் முள் விழுந்தபோது

நண்பா,

இன்று மாலை தென்காசிக் கோபுரத்துக்கு எதிரே கூட்டம். சாரல் விழுந்தபடியே இருந்தது. பேசி முடித்து மேடையை விட்டு இறங்கினேன். தெருவோரம் ஒருவர் பழைய ஊர்தி ஒன்றின் முகப்பைத் தூக்கிவைத்துக் குனிந்து நின்றார். அதனுள்ளிருந்து சூடேறிய எண்ணெயின் மணம் ஈரக்காற்றில் கலந்து வந்தது. கைகூப்பி வந்தவர்களுக்கு நான் என்ன மறுமொழி சொன்னேனோ, தெரியவில்லை. நீ போய் ஓராண்டு ஆகிறது. அந்த மணத்தின் நடுவே நின்றபோது மட்டும் நீ போகவே இல்லை என்று பட்டது.

படைத்துறை ஏலத்தில் கழித்துவிட்ட ஊர்தியை நீ ஓட்டிக்கொண்டு வந்த நாள் நினைவிருக்கிறதா? உடலெங்கும் பாசி நிறம்; கதவு கிடையாது; மேலே கிழிந்த கித்தான். நான் அதற்கு மலையூர்தி என்று பெயர் சூட்டினேன். நீ கேட்டுவிட்டு அதன் மூக்கைத் தட்டிக்கொடுத்தாய். "ஏலே, இது ஜீப்பு. ஜீப்புன்னு கூப்பிட்டாத்தான் திரும்பிப் பாக்கும். உன் தமிழெல்லாம் மேடையில வச்சுக்கோ."

அதை வாங்கியதற்காக உன் அண்ணன் உன்னோடு பேச்சை நிறுத்தினார். தலைமுறையாகத் தறி நெய்த வீடு உங்களுடையது. நீ தறிக்குழியை விட்டு எழுந்து, மலைத் தோட்டங்களுக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் ஏற்றிப் போகும் பிழைப்பை மேற்கொண்டாய். வாசலில் நின்று அவர் ஒரே ஒருமுறை சொன்னதை நானும் கேட்டேன். "என்னைக்கு இந்த வண்டி படுக்குதோ, அன்னைக்கு நீ தறியில வந்து உக்காரணும். சம்மதமா?" நீ தலையசைத்தாய். அன்றிலிருந்து உன் தறி வெறுமையாகக் காத்துக் கிடந்தது. ஊர்தி உருளும் வரைதான் உன் விடுதலை என்பதை ஊரே அறியும்.

அதனால்தான் நீ சாலையைப் பார்த்ததைவிட அந்தச் சிறு வட்டக் கண்ணாடியை மிகுதியாகப் பார்த்தாய். பொறிக்குள் எண்ணெய் எவ்வளவு அழுத்தத்தோடு ஓடுகிறது என்று காட்டும் முள் அதற்குள் இருந்தது. முதிர்ந்த பொறி, சூடேறி நின்ற இடத்தில் முனகும்போது முள் தாழும், சற்று முடுக்கினால் எழும். "கெழட்டு வண்டிக்கு இது வழக்கம்லே. முடுக்கியும் எந்திரிக்கலன்னாத்தான் வெனை," என்பாய். எண்ணெய் போய்ச் சேராவிட்டால் இரும்பை இரும்பே தின்றுவிடும் என்று உன் இரு முட்டிகளையும் ஒன்றோடொன்று தேய்த்துக் காட்டுவாய்.

அந்தப் பிற்பகல் எனக்கு இன்னும் கனவுபோலத்தான் வருகிறது. எல்லைக்கு அப்பால் மலைத் தோட்டத் தொழிலாளரிடையே பேசிவிட்டு இறங்கிக்கொண்டிருந்தோம். அடிவாரத்தில் புளியறையில் அடுத்த கூட்டம். நான் அஞ்சி ஒளிந்துகொண்டேன் என்று மாற்றார் அங்கே முன்னதாகவே பரப்பியிருந்தனர். எனக்குள் சொற்கள் கொதித்துக்கொண்டிருந்தன. தோட்டத்து மக்கள் இட்ட மாலைகள் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கி ஆடின. அவற்றை ஒரு கையால் விலக்கிய நீ, ஊர்தியைச் சட்டென்று ஓரங்கட்டினாய்.

"முள்ளு படுத்துட்டு."

"வழக்கம்போல் எழுந்துவிடும், போ."

"எறக்கத்துல சின்ன கியர்ல எஞ்சின் பறக்குது. அப்பவும் எந்திரிக்கல." பொறியை அணைத்துவிட்டு நீ இறங்கினாய். அளவுக் கம்பியை உருவிப் பார்த்தாய். எண்ணெய் குறி வரை நின்றது. மீண்டும் ஒரு நொடி உயிர்ப்பித்தாய், முள் அசையவில்லை, உடனே அணைத்தாய். உன் முகத்தில் தறிக்குழியின் இருட்டைக் கண்டேன்.

"பழைய கருவி. முள்தான் பொய் சொல்கிறதோ என்னவோ," என்றேன்.

"பொய்யா இருந்தா உன் கூட்டத்துக்குக் கொஞ்சம் நேரமாவும். நெசமா இருந்தா நாளைக்கு நான் தறியில கெடப்பேன். எதுலே பெருசு?"

நீ வளைவின் விளிம்பில் நின்று கீழே பார்த்தாய். முகில் மலையின் இடுப்பில் படிந்திருந்தது. அதற்கும் கீழே புளியறையின் வயல்கள் பச்சைப் பசேலென்று விரிந்து கிடந்தன. பிறகு உன் உதட்டில் சிரிப்பு வந்தது.

"எஞ்சின் எதுக்குலே, எறக்கம் இருக்கில்லா? ஏறு. நீ பாட்டுக்குப் பேசிட்டே வா. உனக்கு ஆயில் வேண்டாம், பேட்டரி போதும்."

அவ்வாறே இறங்கினோம். பொறி ஓசையற்று, வெறும் எடையால் ஊர்தி வழுக்கிச் சென்றது. கித்தான் மேல் சாரல் விழும் ஒலியும், ஈரச் சாலையில் உருளைகளின் மெல்லிய சீறலும் அன்றி வேறில்லை. உன் கால் தடையை அழுத்தியும் விட்டும் வளைவுகளை அளந்தது. நான் மின்கலத்தில் இயங்கும் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தேன். பேசத் தொடங்கியதும் என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது. என்றும் இரைச்சலோடு மல்லாடிப் பழகிய குரல் அன்று முகிலுக்குள் தனியாகப் போய் மலையில் பட்டுத் திரும்பி வந்தது. கத்த வேண்டியிருக்கவில்லை. தாழ்ந்தே பேசினேன். ஊர்தி வருமுன்பே குரல் வந்ததென்றும், வானம் பேசுவதுபோல் இருந்ததென்றும் பிறகு ஊரார் சொன்னார்கள்.

சமநிலம் வந்ததும் ஊர்தி தானே நின்றது. காத்திருந்தவர்கள் ஓடி வந்தார்கள். சேதி கேட்டதும் வடத்தைக் கட்டி இழுத்தார்கள். திருப்புச் சக்கரத்தைப் பிடித்திருந்த நீ குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாய். "ஏலே, சாமி இல்ல பூதம் இல்லன்னு ஊர் ஊராப் பேசுதே. உன்னயத் தேர்ல வச்சு இழுக்காவோ பாரு."

மறுநாள் ஒரு சுமையுந்து நம்மைத் தென்காசிக்கு இழுத்து வந்தது. ஊர்தி படுத்தது என்ற சேதி நமக்கு முன்னே வீடு சேர்ந்திருந்தது. உன் அண்ணாச்சி குடை பிடித்து முற்றத்தில் நின்றார். அழைக்கவும் இல்லை, போகவும் இல்லை. நீ ஊர்தியின் அடியில் மல்லாந்து படுத்து எண்ணெயை வடித்தாய். அடித்தொட்டியைக் கழற்றி வெளியே தள்ளினாய். எண்ணெயை உறிஞ்சும் சல்லடையைக் கையில் ஏந்தி வந்து வெளிச்சத்தில் பார்த்தாய். சல்லடையின் கண் முழுவதும் கறுத்த சவ்வொன்று அடைத்திருந்தது. மண்ணெண்ணெயில் அலசினாய். சவ்வு இழை இழையாகப் பிரிந்தது. சிவப்பு இழை. பச்சை இழை.

எண்ணெய் ஊற்றும் வாயின் மூடி எங்கோ மலையில் விழுந்து போனதும், வீட்டில் கிடந்த கழிவு நூலைச் சுருட்டி நீ அந்த வாயை அடைத்ததும் அப்போதுதான் உன் நினைவுக்கு வந்தன. இழைகள் ஒவ்வொன்றாக உள்ளே இறங்கியிருக்கின்றன. அண்ணாச்சி குடையோடு குனிந்தார். இரு விரலால் ஓர் இழையைப் பிடித்துத் திருகிப் பார்த்தார்.

"இது நம்ம சாயமுல்லா," என்றார். உன்னிடம் நெடுநாளுக்குப் பின் அவர் பேசிய முதற்சொல். "நீ தறிய விட்டுட்டுப் போனே. தறி உன்னய விடலியேடே."

நீ மீண்டும் அடியில் புகுந்தாய். சுழல்தண்டைத் தாங்கும் மூடிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாய். நானும் அண்ணாச்சியும் உன் கால்களைப் பார்த்தபடி நின்றோம். உள்ளிருந்து உன் குரல் வந்தது. "கீறல் இல்லண்ணே. கண்ணாடி மாதிரி இருக்கு. அணைச்சதால பொழச்சுட்டு."

அவர் முகத்தை வேறு புறம் திருப்பிக்கொண்டார். மகிழ்ந்தாரா, ஏமாற்றமுற்றாரா? இன்றும் எனக்குத் தெளிவில்லை. எல்லாவற்றையும் பூட்டி, புது எண்ணெய் ஊற்றி, நல்ல மூடியிட்டு நீ பொறியை உயிர்ப்பித்தாய். முள் நடுங்கி எழுந்து நின்றது. அவர் அருகில் வந்து குனிந்து அதையே பார்த்தார். பின் குடையை மடக்கினார்.

"இது குத்தாலம் வரைக்கும் போவுமா?"

"ஏறுண்ணே."

முன்னிருக்கையில் நீங்கள் இருவரும். பின்னால், ஈரக் கித்தானின் கீழ், நான். பழைய குற்றாலத்துச் சாலையில் சாரல் வெள்ளைத் திரையாக நின்றது; நாம் அதனுள் புகுந்து புகுந்து போனோம். அண்ணாச்சி கம்பியை இறுகப் பற்றியிருந்தார். நீ முள்ளைக் காட்டி ஏதோ சொன்னாய். அவர் ஏதோ கேட்டார். காற்றில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அருவியின் முழக்கம் மட்டும் வரவர நெருங்கி வந்தது.

அண்ணாச்சியும் இன்றில்லை, நீயும் இல்லை. எத்தனையோ மேடைகளில் முழங்கியிருக்கிறேன். அவற்றில் ஒரு சொற்றொடரேனும் என்னோடு தங்கவில்லை. என்னை யாரும் பேசச் சொல்லாத, நானும் பேச விரும்பாத அந்த ஒரு பயணம் தங்கியிருக்கிறது. அதை யாரிடமும் இதுவரை சொன்னதில்லை, நண்பா. உன்னிடம்தான் சொல்லத் தோன்றியது.