வேலிச்செடிக்கு வந்த நோட்டீஸ்

சின்னவளின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? சிலிண்டரைத் தனியாகத் தூக்காதே என்றால் கேட்க மாட்டாய்.

ஒரு சின்ன விஷயம், பயப்படாதே. எனக்கு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. போன மாதம் வாடிக்கையாளர் ஒருவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "அந்த ஓரத்துல இருக்கறத எல்லாம் வெட்டிடுங்க" என்றார். நானும் ஆளுயர வேலிச்செடியை அடியோடு வெட்டித் தள்ளினேன். அது பக்கத்து வீட்டுக்காரருடையதாம். கேட்டால் வாடிக்கையாளர், "நான் களைச்செடியத்தான் சொன்னேன்" என்கிறார். மிஞ்சிப்போனால் இந்த ஊரில் தோட்டவேலைக்குக் கொடுத்த என் லைசென்ஸை நிறுத்தி வைப்பார்கள், அவ்வளவுதான்.

"எழுதி வாங்கினீங்களா?" என்று கேட்டார் என் வக்கீலம்மா. ஐந்து வருடமாகத் தோட்டவேலை எடுத்துச் செய்கிறேன், எல்லாம் வாய்ப்பேச்சுதான்.

"வெட்டறதுக்கு முன்னாடி போட்டோவாவது எடுத்தீங்களா?"

அதுவும் இல்லை.

"அப்புறம் முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு எப்படிங்க நிரூபிப்பீங்க?" என்று பேனாவை மூடிவிட்டார்.

அன்றிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. மணி அடித்தாலே தபால்காரரோ என்று எழுந்து ஓடுகிறேன். கத்தரியைத் தொடும் முன் போட்டோ எடுக்கிறேன். ஒரே ஒரு ரோஜாச்செடிக்குக் கையெழுத்து கேட்டேன் என்று ஒரு அம்மா சிரித்தார்.

இரண்டு பனியன் அனுப்பு. கூடவே வீட்டை ஒவ்வொரு அறையாகப் போட்டோ எடுத்து வை. சின்னவளைக் கதவோரம் நிறுத்தி ஒன்று எடு. நான் கிளம்பிய அன்று தாழ்ப்பாள் அவளுக்கு எட்டவில்லை. அதற்கும் என்னிடம் ஆதாரம் இல்லை.

வாசலில் மணி அடிக்கிறது. முடிக்கிறேன்.