மீசைக் கொசு

1991, ஐப்பசி, வியாழன் இரவு

காய்ச்சலில் என் வீட்டுக்காரர் போனதிலிருந்து கண்ணில் பட்ட கொசுவையெல்லாம் அடித்துக்கொண்டிருக்கிறேன். இன்றும் கையை ஓங்கினேன். மருந்தடிக்க வந்த மலேரியா ஆபீஸ் தம்பி தடுத்தான்.

“வுட்டுடுக்கா. இது ஆம்பள கொசு, கடிக்காது.”

பூதக்கண்ணாடியில் காட்டினான். முகத்தில் இறகு போல மீசை.

“அதான் இதுக்குக் காது. பொண்டாட்டி றெக்க சத்தத்த அத வச்சிதான் கண்டுபுடிக்கும்.”

“இன்னாப்பா, மீசையில காதா?”

சிரித்துவிட்டேன். சிரித்ததும் எனக்கே என்னவோ போலிருந்தது.

செகண்ட் ஷிப்ட் விட்டு எத்தனை சைக்கிள் வந்தாலும், அவர் வண்டியின் மட்கார்டு சத்தம் எனக்குத் தனியாகக் கேட்கும். இப்போது தெருவில் சைக்கிள்கள் போகின்றன. கொசுவலையில் மீசைக்காரன் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். நான் அடிக்கவில்லை. இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.