சென்சஸ் புத்தகத்தில் இல்லாத கொல்லைமேடு

உன் ஊருக்கு மினி பஸ் விட்டிருக்கிறார்கள். இன்று காலை பஸ் நிலையத்தில் கீழ்பென்னாத்தூர் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தபோது பார்த்தேன். முன்கண்ணாடிக்கு மேலே பலகையில், மஞ்சள் எழுத்தில், 'கொல்லைமேடு'. நடத்துனர் அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூவினார். ஏறிப் போய்ப் பார்க்க அங்கே எனக்கு யாரும் இல்லை. நீ கண்ணை மூடி வருஷமும் திரும்பிவிட்டது. ஆனாலும் வண்டி தெருமுனையில் மறையும்வரை அங்கேயே நின்றேன்.

நீ முதன்முதலில் நான் வேலை பார்த்த நூலகத்துக்கு வந்தது எழுபதுகளின் கடைசியில், ஒரு ஐப்பசி மழைக்காலம். முழங்கால்வரை சேலை நனைந்திருந்தது. ஒரு கையில் உன் மகள், இன்னொரு கையில் மடங்கிப்போன குடை. பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நீ யாரையும் பார்க்காமல் நேராக என் மேசைக்கு வந்தாய்.

"இங்க சென்சஸ்னு ஒரு புஸ்தகம் இருக்குதாமே. அதை நான் பாக்கணும்."

"எதுக்கும்மா?"

"எங்க ஊர்ல ஸ்கூல் இருக்குதுன்னு அதுல போட்டிருக்குதாம். ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. எங்க ஊர்ல ஸ்கூலே இல்லீங்க. என்னா போட்டிருக்குதுன்னு என் கண்ணால பாக்கணும்."

உட்காரச் சொன்னேன். நீ நின்றபடியே சொன்னாய். ஏரிக்கு இந்தப் பக்கம் பெரிய ஊர், அங்கே பள்ளிக்கூடம். ஏரிக்கு அந்தப் பக்கம் உங்கள் கொல்லைமேடு. ஏரி நிரம்பினால் கலங்கலில் வழியும் உபரித் தண்ணீர் நடைபாதையை அடித்துக்கொண்டு ஓடும். போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண் குழந்தை அதில் வழுக்கி விழுந்துவிட்டாள். மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர் குதித்து, தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தார். அன்றிலிருந்து ஒரு வீட்டிலும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. உங்கள் பக்கத்திலேயே ஒரு பள்ளி கேட்டு மனு எடுத்துக்கொண்டு போனால், 'சென்சஸ்படி உங்க ஊர்ல ஸ்கூல் இருக்குது, இன்னொண்ணு கிடையாது' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் நூலகத்தில் மாநிலம் முழுவதற்குமான தொகுதி ஒன்றுதான் இருந்தது. அதில் மாவட்டத்தோடும் தாலுக்காவோடும் கணக்கு நின்றுவிடும். ஊர் ஊராகப் பார்க்க மாவட்டக் கையேடு வேண்டும். "அது இங்க இல்லையேம்மா" என்றேன். பொதுவாக இந்த வார்த்தையோடு வந்தவர்கள் எழுந்து போய்விடுவார்கள். நீ போகவில்லை.

"இங்க இல்லன்னா எங்க இருக்குது?"

அந்தக் கேள்வியை அதற்குமுன் யாரும் என்னிடம் கேட்டதில்லை. விசாரித்தேன். அப்போது நம் மாவட்டத் தலைநகராக இருந்த வேலூரில் ஓர் அலுவலகத்தில் இருப்பதாகத் தெரிந்தது. லீவு போட்டுவிட்டு உன்னோடு பஸ் ஏறினேன். ஏன் அப்படிக் கிளம்பினேன் என்று இன்றும் தெரியவில்லை. உன் முகத்தைப் பார்த்துவிட்டு 'இல்லை' என்று இரண்டாவது முறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

எழுபத்தொன்றாம் வருஷக் கணக்கு அது. முழுக்க இங்கிலீஷ். உன் பெரிய ஊரின் பெயர் நம் தாலுக்காவிலேயே இரண்டு இடத்தில் இருந்தது. எது உன்னுடையது என்று எனக்குப் புரியவில்லை. பட்டியலில் ஊர்கள் அகரவரிசைப்படி இல்லாமல் அக்கம்பக்கமாக அடுக்கியிருப்பதைக் கவனித்து, முன்னும் பின்னும் இருந்த பெயர்களைப் படித்தேன். "அதான், அதான்! அது என் நாத்தனார் ஊரு" என்று நீ கத்திவிட்டாய். அலுவலகமே திரும்பிப் பார்த்தது.

ஒவ்வொரு கட்டமாகப் படித்துச் சொன்னேன். பள்ளி உண்டு. கிணறு உண்டு. கரண்ட் உண்டு.

"எல்லாம் சரிதான். பெரிய ஊர்ல இதெல்லாம் இருக்குது. எங்க பேரு எங்க?"

பக்கம் பக்கமாகத் தேடினேன். கிடைக்கவில்லை. அந்தப் புத்தகத்துக்கு வருவாய்க் கிராமம்தான் ஊர். அதைச் சேர்ந்த குக்கிராமங்களுக்குப் பட்டியலில் தனி இடம் கிடையாது. "உங்க ஜனங்களையும் பெரிய ஊர் எண்ணிக்கையிலேயே சேத்துட்டாங்க" என்றேன். நீ அந்த எண்ணின்மேல் விரலை வைத்தாய்.

"அப்போ நாங்க இருக்கோம். எங்க இருக்கோம்னுதான் இல்ல."

புத்தகத்தில் பொய் எதுவும் இல்லை. ஆபீஸிலும் யாரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் ஒரு குழந்தை தண்ணீரில் போயிருக்கும்.

திரும்பும் பஸ்ஸில் நான்தான் சோர்ந்துபோயிருந்தேன். போளூர் தாண்டியதும் நீ சொன்னாய்: "அதே மாதிரி கட்டம் போட்டு நாமளே எண்ணலாம்க்கா." உன்னைவிட இரண்டு மூன்று வயதுதான் எனக்கு ஜாஸ்தி. அன்றுதான் முதல்முறை என்னை அக்கா என்று கூப்பிட்டாய்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கொல்லைமேட்டுக்கு வந்தேன். வேர்க்கடலை பிடுங்கும் காலம். மதியத்துக்கு மேல்தான் ஆள் கிடைப்பார்கள். நீ கேட்பாய், நான் எழுதுவேன். ஒரு பெரியவர், "ஆம்பள பசங்க மூணு. அவ்ளோதான், எழுதிக்கம்மா" என்றார்.

நீ விடவில்லை. "காலையில உங்க வாசல்ல கோலம் போடறது யாரு மாமா?"

"அதுவா? அது பொண்ணு. அது என்னாத்துக்குக் கணக்குல?"

"அதுக்குத்தான் மாமா கணக்கே. எழுதுக்கா."

அந்தக் கணக்கையும் நாம் வரைந்த ஏரிப் படத்தையும், கையேட்டிலிருந்து எழுதி வந்த பக்கத்தோடு சேர்த்து, உன் மனுவைத் திருப்பி அனுப்பிய ஆபீஸில் கொடுத்தோம். அதிகாரி பொறுமையாகத்தான் படித்தார். "நல்லா செஞ்சிருக்கீங்க. ஆனா இது நீங்களா எடுத்த கணக்கு. கவர்ன்மெண்ட் கணக்கு இருந்தா கொண்டாங்க" என்று திருப்பித் தந்துவிட்டார்.

வெளியே வந்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நீ கரும்புச் சாறு வாங்கி என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாய்: "கவர்ன்மெண்ட் மறுபடி எப்போ எண்ணும்?"

"பத்து வருஷத்துக்கு ஒரு தடவை. இனிமே எண்பத்தொண்ணுலதான்."

"வரட்டும். நாம எங்க போயிடப் போறோம்?"

அதுவரை நீ சும்மா இருக்கவில்லை. மழை நாட்களில் கொல்லைமேட்டுப் பிள்ளைகளை எல்லாம் சேர்த்துக்கொண்டு, ஏரியைச் சுற்றி ரோட்டு வழியாகப் பெரிய ஊருக்கு நடத்திக்கொண்டு போனாய். அந்த நாட்களில் உனக்குப் பாதிக் கூலிதான். உன் வீட்டுக்காரர் முதலில் சத்தம் போட்டார். பிறகு சாயந்திரம் திரும்ப அழைத்து வருவதை அவரே ஏற்றுக்கொண்டார்.

நான் என் பங்குக்குக் கணக்கெடுப்பு எப்படி நடக்கும் என்று தேடிப் படித்தேன். பெரிய ஊரைப் பிளாக் பிளாக்காகப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒருவரிடம் ஒப்படைப்பார்கள். ஒவ்வொரு பிளாக்குக்கும் கூட்டுத்தொகை தனியாக வரும். புத்தகத்தில் ஏறும்போதுதான் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். அதைப் படித்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அச்சில் வருவதற்கு முன்னால் உன் ஊர் ஒரு கட்டத்தில் தனியாக நிற்கும்!

கணக்கெடுப்புக்குப் பல மாதம் முன்பே தாலுக்கா ஆபீஸுக்கு நடக்க ஆரம்பித்தோம். கேட்டது ஒன்றுதான்: கொல்லைமேட்டை ஒரே பிளாக்காகப் போடுங்கள், பாதியை இதிலும் பாதியை அதிலும் சேர்த்துவிடாதீர்கள். மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ, அங்கிருந்தவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏரிக்கு அந்தாண்ட தனி பிளாக்குன்னா எண்ணப்போற வாத்தியாருக்கும் அலைச்சல் கம்மிதான்" என்றார். எண்ண வந்த வாத்தியாரோடு நீ வீடு வீடாகக் கூடவே போனாய். எல்லாம் முடிந்தபின், எத்தனை பேர் என்ற மொத்தக் கணக்கைத் தாலுக்கா ஆபீஸில் கையெழுத்துப் போட்டுத் தரச்சொல்லி வாங்கினோம். நாம் எண்ணியதைவிட ஜாஸ்தியாகவே இருந்தது. இடையில் பிறந்த பிள்ளைகள்.

அந்தத் தாள் பழைய அதிகாரியின் மேசைக்குப் போன பிறகு ஃபைல் நகர்ந்தது. அடுத்த வருஷம் கோடை லீவு முடிந்ததும் ஓலைக் கொட்டகையில் ஒற்றை வாத்தியாரோடு பள்ளி ஆரம்பித்தது. நீ நூலக வாசலிலேயே நின்று சொன்னாய்: "வந்துட்டாருக்கா வாத்தியாரு." உள்ளே வரவில்லை. உள்ளே வந்தால் அழுதுவிடுவாய் என்று எனக்குத் தெரியும். நான்தான் எழுந்து வெளியே வந்தேன். அப்போதும் நீ ஒரு கேள்வி வைத்திருந்தாய்.

"அடுத்த புஸ்தகத்துல எங்க பேரு வருமா?"

"வராது. அதுலயும் பெரிய ஊர் பேருதான் இருக்கும்."

"வராட்டி போவுது. தண்ணி வந்தா இப்போ யாரும் தாண்ட வேணாம்ல?"

ஓய்வு பெறும்வரை அந்த மேசையில் உட்கார்ந்து எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் தேடினேன். நெசவாளர்கள் எத்தனை பேர், எந்த ஊரில் தபால் நிலையம் இல்லை, படித்த பெண்கள் எவ்வளவு. இங்கே இல்லை என்றால் எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் ஆளை அனுப்பினேன். எண்ணை எடுத்துக் கொடுத்துவிட்டு, இதற்குள் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்றும் சொல்லிக் கொடுத்தேன். சிலருக்கு அது தொந்தரவாக இருந்திருக்கும். பரவாயில்லை.

போன வாரம் அடி அண்ணாமலைப் பக்கம் போயிருந்தேன். பாதையைவிட்டுக் கொஞ்சம் உள்ளே செங்கல் சூளை; தகரக் கொட்டகைகளில் வெளியூரிலிருந்து வந்த குடும்பங்கள். வருஷத்தில் பாதி நாள் இங்கே, பாதி நாள் சொந்த ஊரில். பிள்ளைகள் பகலெல்லாம் மண் குவியலில் விளையாடுகிறார்கள். பள்ளியில் கேட்டதற்கு, இந்த இடத்தில் குடியிருப்பே இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி கேட்டாள்:

"நாங்க எந்த ஊர்க் கணக்குலம்மா வருவோம்?"

எனக்கு முழங்கால் வலி. பழையபடி நடக்க முடியவில்லை. கையில் கட்டம் போட்ட தாளும் இல்லை.

"தெரியலம்மா. நாளைக்குக் காலையில வர்றேன், ரெண்டு பேருமா போய்க் கேக்கலாம்" என்றேன். தாலுக்கா ஆபீஸுக்குப் போனோம். இன்னும் பதில் வரவில்லை. திங்கட்கிழமை மறுபடியும் போகிறோம்.