இடது மணிக்கட்டு

அப்பாவுக்கு,

ரசாயனக் கப்பலில் கசிவு என்று சங்கு ஊதியதும் உங்கள் மீட்புப் படகு கிளம்பிவிட்டது. காலையில் உங்கள் பாதுகாப்பு உடைக்குக் காற்றடித்து, சோப்புத் தண்ணீர் தடவிச் சோதித்தது நான்தான். இடது மணிக்கட்டில் குமிழி வந்தது. "இதெல்லாம் ஒரு ஓட்டையா? மடிச்சு வைம்மா" என்றார் மேற்பார்வையாளர். பேசாமல் மடித்தேன்.

பள்ளிக்கூடத்தை ஏன் விட்டாய் என்று நீங்கள் கேட்டபோதும் அப்படித்தான் நின்றேன்.

இப்போது வயர்லெஸ் அறைக்கு ஓடிப்போய் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். "அடேயப்பா, ஊமைச்சி பேசறாளே!" என்று ஒருவர் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. உடனே படகைக் கூப்பிட்டார், கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். பதில் இல்லை.

"வாயைத் திறந்து பேசுடி" என்பீர்களே. பேசிவிட்டேன் அப்பா, கொஞ்சம் தாமதமாக. இதை நீங்கள் இங்கே கழற்றிப் போட்ட செருப்புக்குள் வைக்கிறேன். அதை மாட்டிக்கொள்ள வந்துதானே ஆகவேண்டும்?

உங்கள் சின்னவள்